கடைசிக் காய்க்கு வைத்த தீ

மணிமொழி காயைத் தீயில் காட்டிக்கொண்டிருந்த நேரம் பார்த்துத்தான் தனகோட்டி கதவை எட்டி உதைத்தான். ஒரு நிமிடம் முன்னால் வந்திருந்தால் காய் தட்டில் கிடந்திருக்கும். ஒரு நிமிடம் கழித்து வந்திருந்தால் அதைக் கீறி விதையை எடுத்திருப்பாள். ரெண்டும் இல்லாமல், காயைச் சுற்றி நீலமாகத் தீ எரிகிற அந்த மூன்று வினாடிக்குள்ளா அந்த ஆள் வந்து நிற்க வேண்டும்?

“கொளுத்துறியாடி! இருந்த ஒரே காயக் கொளுத்துறியா!”

அவன் கையில் ஹெல்மெட் இருந்தது. தலையில் ஒருநாளும் மாட்டாத ஹெல்மெட், போலீஸுக்குப் பயந்து வண்டியில் தொங்கவிட்டிருக்கிற ஹெல்மெட். அதைத் தலைக்கு மேல் ஓங்கி அவள் வலது கைமேல் இறக்கினான். அடியில் இரும்பு மேசையின் விளிம்பு இருந்தது. காய்ந்த முருங்கைக் கிளை ஒடிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது.

அந்தச் சத்தம் என்னவென்று அவளைவிட அவனுக்குத்தான் நன்றாகத் தெரியும். அவலூர்பேட்டையில் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுகிறவன் அவன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் வாசலில் முப்பது பேர் உட்கார்ந்திருப்பார்கள். கையிலிருந்த ஹெல்மெட்டைக் கீழே போட்டுவிட்டு, “ரெண்டு எலும்பும்…” என்று முணுமுணுத்தான். மூஞ்சியில் ரத்தமே இல்லை. உடைத்தவனுக்கே இப்படியென்றால் உடைபட்டவளுக்கு எப்படி இருந்திருக்கும்!

ஆனால் மணிமொழி கையைப் பார்க்கவில்லை. காயைத் தேடினாள். அது இடுக்கியோடு பறந்துபோய் ஸ்டூலுக்கு அடியில் கிடந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொன்னால்தான் விளங்கும். செஞ்சியில் திருவண்ணாமலை ரோட்டு உரக்கடைக்கு மேலே இரண்டு அறை. ஓய்வுபெற்ற பேராசிரியர் ராமகிருஷ்ணன் நடத்துகிற ஆய்வுக்கூடம் அது. அழிந்துபோகிற மருந்துச் செடிகளைப் பாட்டிலுக்குள் முளைக்க வைத்துத் திரும்ப மரத்தில் ஏற்றுவதுதான் வேலை. மூளை அவருடையது, கை மணிமொழியுடையது. ஏழு வருஷமாக அப்படித்தான். அன்றைக்கு அவர் சென்னைக்கு ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார்.

காய், ஒரு ஆர்க்கிட் செடியின் காய். மரத்துமேல் ஒட்டி வளர்வது. இந்தப் பக்கத்தில் கட்டுப்பச்சிலை என்பார்கள். எலும்பு முறிந்தால் அதன் இலையை அரைத்து வைத்துக் கட்டுவது வழக்கம். வைத்து வைத்தே தீர்ந்துபோனது. மூன்று வருஷம் ஊர் ஊராக, மரம் மரமாக ஏறிப் பார்த்து, மேல்சித்தாமூர் போகிற வழியில் ஏரிக்கரைப் புளியமரத்தில் ஒரே ஒரு செடியைக் கண்டுபிடித்தார்கள். ஆனி மாதம் அது பூத்தபோது மணிமொழி மரமேறி, பல் குத்துகிற குச்சியால் மகரந்தத்தை எடுத்துப் பூவின் சூல்முடியில் வைத்தாள். ஏழு பூவில் ஒன்று காய்த்தது. விரல் நீளக் காய். உள்ளே லட்சக்கணக்கில் விதை, முகத்துக்குப் போடுகிற பவுடர் மாதிரி. மரத்திலேயே வெடித்தால் காற்றோடு போய்விடும், முளைக்கிறது லட்சத்தில் ஒன்றோ அதுவும் இல்லையோ. வெடிப்பதற்கு முன் பச்சையாக அறுத்து, மேல்தோலில் ஒட்டியிருக்கும் கிருமியைச் சாகடித்து, உள்ளிருக்கும் விதையைச் சர்க்கரைக் கூழ் போட்ட பாட்டிலில் தூவினால் பிழைக்கும். கிருமியைச் சாகடிக்கிற வழி சுலபம். ஸ்பிரிட்டில் முக்கித் தீயில் காட்டிவிட வேண்டும். மேலே பற்றி எரியும், தானே அணையும். உள்ளே சூடு ஏறாது.

இது தனகோட்டிக்கு எப்படித் தெரியும்?

இருவருக்கும் பழைய பகை வேறு. இரண்டு வருஷம் முன்னால் அவன் இரண்டு மூட்டை கட்டுப்பச்சிலை பறித்து வைத்திருப்பதாக வனத்துறைக்குப் போன் போட்டுச் சொன்னது மணிமொழிதான். கட்டுப் போட வந்த அத்தனை பேர் பார்க்க ஜீப் வந்து மூட்டையை ஏற்றிக்கொண்டு போனது. அதற்குப் பிறகு அவள் புளியமரத்தில் இருந்தபோது அவன் கீழே நின்று கல்லால் அடித்தான். அவள் மேலேயிருந்து செருப்பால் அடித்தாள். குறி தப்பவில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அதுவரை கடைசிச் செடியில் அவனும் கை வைக்கவில்லை. ஒரு இலை கிள்ளவில்லை. காய் பிடித்ததிலிருந்து அவனும் வாரம் ஒருமுறை வந்து அண்ணாந்து பார்த்துவிட்டுப் போவான். அவள் அன்று காலை ஏழு மணிக்கு அறுத்துவிட்டாள். அவன் ஒன்பது மணிக்கு வந்து பார்த்திருக்கிறான். வெறும் காம்புதான் இருந்திருக்கிறது. விசாரித்துக்கொண்டு இங்கே வந்தால் கண் எதிரே அது எரிகிறது.

“தூக்குடா அந்தக் காய!”

மணிமொழி கத்திய கத்தலில் கீழே லாரியிலிருந்து உரமூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் ஓடிவந்திருக்க வேண்டும். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்ததால் யாருக்கும் கேட்கவில்லை. தனகோட்டி அசையாமல் நின்றான். அவள் அவனுடைய முட்டியிலேயே ஒரு உதை விட்டாள். அவன் மடங்கி விழுந்தான்.

“அதான் எரிஞ்சிப்போச்சே…”

“எரியலடா மடையா! கழுவுனேன்! நெருப்பால கழுவுனேன்! வெதைய எடுத்து பாட்டில்ல போடறதுக்கு! அஞ்சு மாசம்டா! அஞ்சு மாசம் மரத்துக்கும் வீட்டுக்கும் அலைஞ்சேன்டா பாவி!”

தனகோட்டி தவழ்ந்து போய்க் காயை எடுத்தான். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். பச்சையாகத்தான் இருந்தது. ஓரத்தில் மட்டும் லேசாகத் தீய்ந்திருந்தது. திரும்பி அவளைப் பார்த்தான். பெரிய தப்பு செய்துவிட்டோம் என்பது அப்போதுதான் அவன் மண்டையில் ஏறியது. ஏறி என்ன பிரயோசனம்?

மணிமொழி காயைப் பிடுங்கி இடது கையால் வெளிச்சத்தில் பிடித்தாள். தொங்கிக்கொண்டிருந்த வலது கை அது பாட்டுக்கு வீங்கிக்கொண்டிருந்தது. காயின் விலாவில் மயிரிழை போல ஒரு கோடு தெரிந்தது. இன்னும் திறக்கவில்லை. விழுந்த அதிர்ச்சியில் திறக்கத் தயாராக இருந்தது. திறந்துவிட்டால் ஸ்பிரிட் உள்ளே போய் விதை மொத்தமும் சாகும். ஸ்பிரிட்டில் முக்காவிட்டால் தரையில் புரண்ட அழுக்கோடு பாட்டிலுக்குப் போய்ப் பூஞ்சை பிடிக்கும். பேராசிரியர் சென்னையிலிருந்து வர நாலு மணி நேரம் ஆகும். காய்க்கு நாலு நிமிடம் இருக்குமோ என்னவோ. ஒரு கையால் பிடித்து மறு கையால் கீறுகிற வேலை இது. அவளிடம் இருந்ததோ ஒரே கை.

“கையக் கழுவு,” என்றாள்.

“எனக்கா?”

“ஒடச்சது யாரு? நீதான செய்யணும். முழங்கை வரைக்கும் சோப்பு போடு. சீக்கிரம்!”

“யம்மா, மொதல்ல உன் கைய ஒரு கட்டு கட்டிட்டு…”

“கையி கெடக்குது! அது நாளைக்கும் இருக்கும். காய் இருக்காது. கழுவுடா!”

அவன் கழுவினான். அவள் ஸ்பிரிட்டை அவன் கையில் ஊற்றினாள். இடது கையால் முகமூடியை அவன் மூஞ்சியில் மாட்டிவிட்டாள், மாட்டுகிற சாக்கில் கன்னத்தில் ஒன்று போட்டாள். கண்ணாடிப் பெட்டி முன் உட்கார வைத்தாள். வடிகட்டிய சுத்தமான காற்று உள்ளிருந்து வெளியே வீசிக்கொண்டேயிருக்கும் பெட்டி அது. பன்னிரண்டு பாட்டில் வரிசையாக நின்றன. அவன் கொண்டுவந்த மஞ்சள் பை ஸ்டூலுக்குப் பக்கத்தில் தரையில் இருந்தது. அதை அவள் காலால் ஓரமாகத் தள்ளினாள்.

“பேசக்கூடாது. உன் எச்சி ஒரு துளி உள்ள போச்சுன்னா உன்ன இங்கியே பொதச்சிடுவேன். காய இடுக்கியில புடி. ஸ்பிரிட்ல முக்கு. தீயில காட்டு.”

தனகோட்டி இடுக்கியைப் பிடித்தபடியே உட்கார்ந்துவிட்டான். எந்தத் தீக்காக ஒருத்தியின் கையை உடைத்தானோ அந்தத் தீயை இப்போது அவன் கையாலேயே வைக்க வேண்டும். அவனுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

“காட்டுடா!”

காட்டினான். குப்பென்று நீலமாகப் பிடித்தது. பயத்தில் அவன் என்ன செய்தான் தெரியுமா? அணைப்பதாக நினைத்துக்கொண்டு, எரிகிற காயைத் திரும்ப ஸ்பிரிட் கோப்பைக்கே கொண்டுபோனான். நுனி படுவதற்கு முன்பே கோப்பை தீப்பிடித்துக்கொண்டது. தீ ஒரு முழம் எழும்பி அவன் புருவத்தைத் தீய்த்தது. அவன் கத்தவில்லை, காயையும் விடவில்லை. மணிமொழி எவர்சில்வர் தட்டை எடுத்துக் கோப்பையின் வாயில் அறைந்து மூடினாள். இடது உள்ளங்கை கொப்பளித்தது. வலது கை மேசையில் இடித்ததில் அவளுக்கு வாந்தியே வந்துவிட்டது. திரும்பித் தரையில் எடுத்தாள். வாயைத் தோளில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

“அணைஞ்சிடுச்சா?”

அவன் தலையாட்டினான். காய் முழுசாக இருந்தது. கோடு திறக்கவில்லை.

“தட்டுல வை. பிளேட எடு. ஓரமா நீளவாக்குல கீறு. ஆழமா போவாத.”

கீறினான். சும்மா சொல்லக்கூடாது, ஆள் முரடன், ஆனால் அந்தக் கை மட்டும் நடுங்கவே இல்லை. தோலுக்கு அடியில் நொறுங்கிய எலும்பை விரலாலேயே தடவிக் கண்டுபிடித்து இடம் சேர்க்கிற கை அது. காய் இரண்டாகப் பிளந்தது. உள்ளே வெளிர்மஞ்சளாகப் பஞ்சு போல விதை. மணிமொழி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். இத்தனை அடி பட்டும் கெடாமல் இருந்தது. அவளுக்கு அழுகை வந்தது, அழுதால் கண் மறைக்கும் என்று அடக்கிக்கொண்டாள்.

“பாட்டில் வாயத் தீயில சுத்து. மூடியக் கீழ வெக்காத, சுண்டுவிரல்ல புடிச்சிக்கோ. கொஞ்சமா எடுத்துத் தூவு. மறுபடி வாயத் தீயில சுத்து. மூடு. அடுத்தது.”

பன்னிரண்டு பாட்டிலுக்கு நாற்பது நிமிடம் ஆனது. அவள் நிற்க முடியாமல் சுவரில் சாய்ந்தபடி ஒவ்வொன்றுக்கும் திட்டிக்கொண்டே இருந்தாள். திட்டுவதை நிறுத்தினால் மயக்கம் வந்துவிடும் போல இருந்தது. பன்னிரண்டாவது மூடி விழுந்ததும் திட்டு நின்றது. அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அரைகுறையாகத்தான் ஞாபகம். தனகோட்டி மஞ்சள் பையிலிருந்து என்னவோ பச்சையாக எடுத்துக் கல்வத்தில் போட்டு அரைத்தான். புளிப்பும் கசப்புமாக ஒரு வாசனை வந்தது. பிறகு அவள் கையைப் பிடித்து இழுத்தான். அம்மாடி, அந்த வலி! உடைந்தபோது வராத கதறல் அப்போது வந்தது. அவன் தோளில் பல் பதியக் கடித்தாள். ரத்தம் வந்தது, அவன் விடவில்லை. எலும்பு உட்கார்ந்த பிறகுதான் விட்டான். பச்சையை அப்பி, மேசையில் கிடந்த இரண்டு அடிஸ்கேலை வைத்து இறுக்கிக் கட்டினான்.

“நல்லது வெச்சிருக்கேம்மா. கூடிடும்,” என்றான். ரொம்பப் பணிவாகச் சொன்னான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “யார் எடுத்து வெச்சது? நேரா உக்காந்திருக்குது,” என்றார். நர்ஸ், கையில் அப்பியிருந்த பச்சையை முகம் சுளித்துக்கொண்டே வழித்து வாளியில் போட்டாள். ஈரத்துணியால் துடைத்துவிட்டு மாவுக்கட்டு போட்டார்கள். எப்படி ஆனது என்று கேட்டதற்கு, மாடிப்படியில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னாள் மணிமொழி.

பரிதாபப்பட்டுச் சொன்னாள் என்று நினைத்துவிடாதீர்கள். அவள் அப்படிப்பட்ட ஆள் இல்லை. வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றிருந்த தனகோட்டியிடம் போய் நின்றாள்.

“ஆறு வாரத்துக்கு எனக்குக் கையில்ல. செவ்வாக்கிழமைக்கு செவ்வாக்கிழமை நீ வரணும். ஒரு வாரம் வரலேன்னாலும் ஸ்டேஷனுக்குப் போவேன். ஹெல்மெட்டு என்கிட்டதான் இருக்குது.”

“வரேம்மா,” என்றான்.

வந்தான். பாட்டில் கழுவினான், கூழ் காய்ச்சினான், தரை துடைத்தான். முதல் வாரத்திலேயே இரண்டு பாட்டிலில் கறுப்பாகப் பூஞ்சை படர்ந்தது. மூன்றாம் வாரம் நாலு. ஒவ்வொன்றையும் மணிமொழி இடது கையாலேயே தூக்கி எறிந்தாள். ஐந்தாம் வாரம் மேலும் மூன்று போனது. அவற்றில் ஒன்றை அவன் தலைக்குப் பக்கத்துச் சுவரில் வீசி உடைத்தாள். கண்ணாடி தெறித்து அவன் காது கிழிந்தது. அவன் துண்டால் காதைப் பொத்திக்கொண்டு, மறு கையால் சில்லைப் பொறுக்கினான்.

“மரத்துப் பக்கம் போனியா? செடி எப்பிடி இருக்குது?” என்று ஒவ்வொரு வாரமும் கேட்பாள். மழையில் ஏரிக்கரை ரோடு அரித்துக்கொண்டு போயிருந்தது. மாவுக்கட்டோடு அவளால் வண்டி ஓட்டவும் முடியாது. வயசான பேராசிரியராலும் அத்தனை தூரம் நடக்க முடியாது.

“நான் பாத்துக்கறேம்மா. நீ கையப் பாரு,” என்பான்.

தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் மாவுக்கட்டைப் பிரித்தார்கள். கை இளைத்து வெளிறிப் போயிருந்தது. விரலை மடக்கி நீட்டிக்கொண்டே நேரே ஆய்வுக்கூடத்துக்கு வந்தாள். மிச்சமிருந்தது மூன்று பாட்டில். ஒன்றில் ஒன்றுமில்லை. அடுத்ததிலும் இல்லை. மூன்றாவதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கினாள். ராஜகிரி மலைமேல் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கூழுக்கு மேல் கடுகில் பாதி அளவில், பச்சைப் பசேலென்று ஐம்பது அறுபது உருண்டைகள்.

“யோவ்! இங்க வா! வாய்யா!”

தனகோட்டி ஈரக்கையோடு ஓடிவந்தான். அவள் லென்ஸைக் கொடுத்தாள். வெகுநேரம் பார்த்தான். பிறகு சிரித்தான், அதோடு அழுகையும் சேர்ந்து வந்தது.

“நான் தூவுனதும்மா இது!”

“நீ தூவுனதுதான்யா.”

“மரம் ஏற எத்தினி நாளாவும்?”

“பொழச்சா மூணு வருஷம்.”

“அதுவரைக்கும் கையி ஒடிஞ்சி வர்றவனுக்கு இன்னா வெக்கறது?”

“நீ போயி ஒடிக்காம இருந்தாலே போதும்!”

இருவரும் சிரித்தார்கள். இத்தனை நாளில் அதுதான் முதல் தடவை. சிரிப்போடு சிரிப்பாக மணிமொழி சொன்னாள்: “ஆனி மாசம் தாய்ச்செடி மறுபடி பூக்கும். இந்தவாட்டி ஏழு பூவுக்கும் வெக்கணும். நீயும் மரமேறு. ஏழு காய் கெடச்சா நமக்கு இன்னாய்யா கவல!”

தனகோட்டியின் சிரிப்பு நின்றது. லென்ஸை மேசையில் வைத்தான். நகர்த்தி வைத்தான், திரும்ப நகர்த்தி வைத்தான்.

“இன்னாய்யா?”

“மரத்துல செடி இல்லம்மா.”

“இல்லன்னா?”

“அன்னிக்கிக் காலையில காயக் காணோம்னதும் எனக்குக் கண்ணே தெரியல. எனக்கில்லாதது அவளுக்கு மட்டும் எதுக்குன்னு, ஏறி வேரோட பிடுங்கிப் பையில போட்டுக்கினேன்.”

“எந்தப் பையில?”

 அவன் அவள் வலது கையைக் காட்டினான்.

“உனக்குன்னுதாம்மா அரைச்சேன். பண்ண பாவத்துக்கு வேற இன்னா செய்யறதுன்னு… மொத்தமும் உனக்கே வெச்சேன். ஒரு எலகூட நான் எடுத்துக்கல.”

அந்த மஞ்சள் பை. காலால் ஓரமாகத் தள்ளினாளே, அந்தப் பை. நாற்பது நிமிடம் அவள் பக்கத்திலேயே, உயிரோடு, வேரோடு இருந்திருக்கிறது. ஒரு கட்டையில் வைத்துத் தேங்காய் நாரால் கட்டித் தண்ணீர் தெளித்திருந்தால் பிழைத்திருக்கும். அதற்கு அவன் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். பேசினால் பொதச்சிடுவேன் என்று சொன்னது அவள்தான். சரி, அதற்குப் பிறகாவது? ஆறு வாரம், ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் கேட்டாளே! அந்தப் புளிப்பும் கசப்புமான வாசனை மூக்கில் ஏறியது. முகம் சுளித்த நர்ஸ், வாளி, ஈரத்துணி எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்தது.

பாட்டிலைப் பத்திரமாக ரேக்கில் வைத்தாள். திரும்பினாள். தனகோட்டிக்குத் தெரிந்துவிட்டது, நகராமல் நின்றான்.

அறைந்தாள். கட்டுப் பிரித்து இரண்டு மணி நேரம்கூட ஆகாத வலது கையால், உடம்பிலிருந்த பலத்தையெல்லாம் சேர்த்து அறைந்தாள். அவன் தலை போய் ரேக்கில் இடித்தது, பாட்டில்கள் கிணுகிணுத்தன. கை விண்ணென்று தெறிக்கும், திரும்ப ஒடிந்தாலும் ஒடியும் என்று இருவருமே நினைத்தார்கள்.

வலிக்கவே இல்லை. எலும்பு நன்றாகத்தான் கூடியிருந்தது.